சொட்டு எங்கிருந்து வருகிறது?

முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அபார்ட்மென்ட் செக்யூரிட்டிதான். "சார், உங்க வண்டிக்குக் கீழே ஆயில்!" கார்காரர் குனிந்து பார்க்கிறார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். மேலே நிற்பது குவாலிஸ்.

பெங்களூரை அடுத்த பிடதியில் 2000 முதல் 2005 தொடக்கம் வரை டொயோட்டா கிர்லோஸ்கர் தயாரித்த வண்டி அது. 2,446 சிசி டீசல் எஞ்சின். டர்போ கிடையாது. பெயரெடுத்த உழைப்பாளி. ஆனால் கடைசியாக வந்த குவாலிசுக்கும் இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. இரும்பு தாங்குகிறது, இரும்புக்கு இடையே இருக்கும் ரப்பர் தாங்குவதில்லை. சூட்டில் வெந்து வெந்து அது பிளாஸ்டிக் போல இறுகிவிடுகிறது.

டெல்லியாக இருந்தால் கேள்வியே வேறு. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. பெங்களூரில் அப்படி ஒரு தடை கிடையாது. 15 வருடம் முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி, பதிவைப் புதுப்பித்து ஓட்டலாம். 20 வயது கடந்த கார்களுக்கு அந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியது. இந்த நேரத்தில்தான் ஆயில் சொட்டுகிறது.

ஒரு மெக்கானிக், "ஊத்தி ஊத்தி ஓட்டுங்க சார், பழைய வண்டின்னா அப்படித்தான்" என்பார். இன்னொருவர், "எஞ்சினை இறக்கிடலாம்" என்பார். இரண்டு பேருமே எங்கே ஒழுகுகிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். செலவு 500 ரூபாயா, பல ஆயிரமா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு விஷயம்தான்.

சொட்டு விழும் இடத்தை நம்பக் கூடாது. ஆயில் மேலே கசிந்து, எஞ்சின் பக்கவாட்டில் வழிந்து, ஓடும்போது அடிக்கும் காற்றில் பின்னால் போய், கடைசியில் எங்கோ ஓரிடத்தில் சொட்டும். எஞ்சினை வெளியே நன்றாகக் கழுவித் துடைத்து, 40, 50 கிலோமீட்டர் ஓட்டி, மேலிருந்து கீழாக டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் வழி. ஈரம் தெரியும் மிக உயரமான இடம்தான் குற்றவாளி. ராத்திரி கீழே பேப்பர் விரித்து வைத்தால் அளவும் தெரியும். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் சுமார் ஒரு லிட்டர். அது எத்தனை கிலோமீட்டரில் குறைகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், மெக்கானிக்கிடம் பேசும்போது கை ஓங்கியிருக்கும்.

டாப்பெட் கவர் பேக்கிங் என்றால் அதிர்ஷ்டம். ஜே.சி. ரோட்டுக் கடைகளில் வாங்கி, காலையில் விட்டால் மதியத்துக்குள் மாட்டிவிடலாம். ஒரே எச்சரிக்கை: பேக்கிங் போட்ட பிறகும் கை நிறைய சிலிகான் பேஸ்ட்டை அப்ப விடக் கூடாது. பிதுங்கிய பேஸ்ட் உள்ளே பிய்ந்து விழுந்து, சம்ப்பில் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால், ஒழுகாத எஞ்சின் ஆயிலில்லாமல் சாகும்.

முன்பக்கம் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட் ஆயில் சீல்களுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது டைமிங் பெல்ட். ரப்பர் பெல்ட்டுக்கு ஆயில் விஷம். அது ஊறி, பல் நழுவி அறுந்தால், டீசல் எஞ்சினில் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். பிறகு ஹெட்டை இறக்காமல் தீராது. துளித்துளியாகத்தானே கசிகிறது என்று அலட்சியப்படுத்துபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சீல் மாற்றும்போது பெல்ட்டையும் மாற்றுவதுதான் சிக்கனம்.

பின்பக்கம் நேர்மாறு. கிராங்க்கின் பின் சீல் மலிவு. ஆனால் அதைத் தொட கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கூலிதான் கொல்லும். அதே கூலி கிளட்ச் மாற்றவும் ஆகும். எனவே கசிவு குறைவு, கிளட்ச் தட்டில் ஆயில் ஏறவில்லை, வழுக்கவில்லை என்றால், வாராவாரம் டிப் ஸ்டிக் பார்த்து, கிளட்ச் தேயும்வரை ஓட்டலாம். இரண்டையும் ஒரே இறக்கத்தில் முடித்துக்கொள்ளலாம்.

சீல்களை மாற்றியும் மறுபடி ஒழுகினால்? எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். குபுகுபுவென்று புகை அடித்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. பிரீதர் குழாய் அடைத்திருக்கலாம். சுத்தம் செய்தால் போதும். இல்லை, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்படியானால் எத்தனை சீல் போட்டாலும் அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு, அதற்கப்புறம் 10,000 ரூபாய் கட்டுவதா என்று யோசிக்கலாம்.

கசிவை நிறுத்தும் என்று பாட்டிலில் விற்கும் திரவம், இறுகிய ரப்பரைக் கொஞ்சம் இளக்கும். கிழிந்த சீலை ஒட்டாது. அதை ஊற்றிய வண்டியை விற்க வருபவரும் உண்டு என்பதால், பழைய டீசல் வாங்குபவர்கள் பளபளவென்று கழுவிய எஞ்சினைக் கண்டு மயங்காமல், 50 கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் வண்டிக்குக் கீழே ஒரு பழைய தட்டில் மரத்தூள் போட்டு வைக்கலாம். தரையில் கொட்டிய ஆயிலை மழை சாக்கடைக்குக் கொண்டுபோகும். சாலையில் விழுந்ததோ, முதல் தூறலில் பின்னால் ஸ்கூட்டரில் வருபவரின் சக்கரத்துக்கு அடியில் இருக்கும்.