முதுமைக்கு இட்ட காசு

செஞ்சிப் பக்கம் ஆய்வுக்குச் செல்லும்பொழுதெல்லாம் மண்டகப்பட்டைக் கடந்து செல்கின்றோம். அங்குள்ள குடைவரையை ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் அகழ்வித்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்கும் இன்றி நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் எடுத்த கோயில் என அதன் கல்வெட்டு கூறுகிறது. அந்நான்கும் இன்றிக் கோயில் நிலைத்துவிட்டது. ஆனால், கணக்கு இன்றி நிலைத்த முதுமை நிதி எங்கும் இல்லை. இத்திங்கள் அங்கத்தினர்களோடு இதைப் பற்றியே பேச விரும்புகின்றோம்.

உழைத்தவனுக்கு முதுமையில் ஒரு பிடி சோறு உறுதி என்பதைச் சட்டமாக்கிய முன்னோடி நாடு ஜெர்மனி, ஆண்டு 1889. நம் நாட்டில் ஆலைத் தொழிலாளர்க்கு 1952-இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. 1995-இல் ஓய்வூதியத் திட்டமும் அதனோடு சேர்ந்தது. ஆயினும், அந்த 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, 50 பேருக்குக் குறைவாக அமர்த்தி, விசைச் சக்தியின்றி வேலை நடத்தும் கூட்டுறவுச் சங்கங்களை விலக்கி வைத்தது. கைத்தறிக்கு விசை ஏது? கையும் காலுமே விசை. அத்தகைய நெசவாளர்க்குத் துணையாகத் தமிழக அரசு 1975-இல் கூட்டுறவு நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று.

இதன் முறை எளியது. கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் இடுகின்றார். 4 காசு அரசு இடுகின்றது. தொகை அரசுக் கணக்கில் வட்டியோடு வளர்கிறது. மாதக் கூலி 6,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். நெசவாளர் பங்கு 480, அரசின் பங்கு 240, ஆக மாதம் 720 ரூபாய். மூன்றாண்டுகள் இத்தொகை கட்டப்படாது போனால் 25,920 ரூபாயும் அதன் வட்டியும் ஒரு குடும்பத்தின் கையை விட்டு நழுவுகின்றன.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தில், அறுபது நிறைந்த நெசவாளர் ஒருவர் கூலிச் சீட்டுகளை நூலில் கோத்து எடுத்து வந்தார். மாதம் தவறாமல் பிடித்தம் இருந்தது. பேரேட்டிலோ மூன்றாண்டுக்கு அவர் பக்கம் வெறுமையாயிருந்தது. "ஐயா, பிடித்தது சீட்டில் இருக்கிறது, கட்டியது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். விடை கூற நாணினோம். அம்மூன்று ஆண்டுகளுள் ஓராண்டின் ஆய்வறிக்கையில், பதிவேடுகள் முறையாக உள்ளன என்று எழுதிக் கையொப்பமிட்டவர் நாமே. கடன் பேரேட்டையும் நூல் இருப்பையும் வரிவரியாகப் பார்த்த நாம், சேமிப்புப் பேரேட்டின் அட்டையை மட்டுமே பார்த்திருந்தோம்.

2003 ஏப்ரல் 1-க்குப் பின் பணியேற்ற அரசு ஊழியருள் நாமும் ஒருவர். எங்கள் ஊதியத்தில் நூற்றுக்குப் பத்து ஓய்வூதியத்திற்கெனப் பிடிக்கப்பட்டு வந்திருக்கின்றது. ஆண்டுக் கணக்குச் சீட்டில் ஒரு மாதம் விடுபட்டாலும் கருவூலத்துக்கு ஓடுகின்றோம். தன் கணக்கில் இத்துணைக் கவலை கொள்பவர், தறிக்காரர் கணக்கில் கண் மூடியது எவ்வாறு தகும்?

சங்க நிருவாகிகள் கூறும் சமாதானத்தை நாம் அறிவோம். துணி தேங்கிக் கிடக்கிறது, விற்பனை நிலுவை வரவில்லை, நூல் வாங்கப் பணமில்லை. ஆகவே பிடித்த தொகையைத் தற்காலிகமாகப் புரட்டினோம், சங்கம் நின்றுவிட்டால் நெசவாளர்க்கும் வேலை இராதே என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. எனினும், நூலுக்குப் பணம் வேண்டுமாயின் அதற்குரிய கடனைக் கேட்க வேண்டும். கேளாமல் முதியவர் கலயத்தில் கைவிடலாகாது. வைப்பு நிதிக்கெனக் கூலியில் பிடித்ததைக் கட்டாத முதலாளியை நம்பிக்கை மோசம் செய்தவராகவே தண்டனைச் சட்டம் கருதுகின்றது. கூட்டுறவிலோ அங்கத்தினரே முதலாளி. அவர் பெயரால் அவருக்கே அத்தீங்கைச் செய்யலாமா?

ஆகவே, ஒவ்வொரு சங்கமும் மூன்றைச் செய்தல் வேண்டும். கூலிப் பட்டுவாடா செய்த மாதத்திலேயே பிடித்தத்தைக் கட்டி, செலுத்துச் சீட்டை அடுத்த நிருவாகக் குழுக் கூட்டத்தில் வைத்தல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் அவர் கணக்கைத் தமிழில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். பிறந்த தேதியையும் வாரிசின் பெயரையும் அங்கத்தினர் உயிரோடிருக்கும்பொழுதே சரிபார்த்தல் வேண்டும். இறந்தபின் விதவை அலுவலகம் அலுவலகமாக அலைந்து திருத்தும் பிழை பெரும்பாலும் ஓர் எழுத்துப் பிழையே.

உழவர்களும் இது நெசவாளர் விஷயம் என்று இருந்துவிடலாகாது. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்தில், இரண்டு ஹெக்டேர் வரை நிலமுள்ளவர் 18 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் சேரலாம். வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை அவர் கட்ட, மத்திய அரசு சமபங்கு இடுகிறது. அறுபதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய். நிதியைக் காப்பது ஆயுள் காப்பீட்டுக் கழகம். சேர்ந்ததோடு அமையாமல், வங்கிக் கணக்கில் தவணை கழிகின்றதா என்று பார்ப்பது உழவர் கடமை.

அடுத்த பொதுக்கூட்டத்தில் லாபப் பங்கு எவ்வளவு என்று கேட்குமுன், "என் சேமிப்புக் கணக்கு எங்கே?" என்று ஒவ்வோர் அங்கத்தினரும் எழுந்து கேட்பாராக. அப்பேரேட்டை முதலில் எடுத்துப் பார்ப்பதை ஆய்வாளராகிய நாமும் இனி விதியாகக் கொள்கின்றோம்.