"நீங்க செஞ்சா சரிதான் மாமா!"

எங்கள் வீட்டு ஹால் சீலிங்கில் ஒரு ஈரக்கறை இருக்கிறது. போன ஆகஸ்டில் இட்லி சைஸில் இருந்தது. தீபாவளிக்கு தோசை ஆனது. இப்போது ஊத்தப்பம். நடுவில் வெங்காயம் மாதிரி பெயிண்ட் வேறு உரிந்து தொங்குகிறது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இப்பதானே மராமத்து பண்ணீங்க?"

ஆமாங்க, இப்பதான் பண்ணினோம். அதுதான் பிரச்சினையே.

போன வருஷம் மே மாதம், மாடி பாத்ரூமை முழுசாக இடித்துப் புதுசாக்குவது, மொட்டை மாடித் தட்டோடு இடுக்குகளைப் பூசுவது, வீடு முழுக்கப் பெயிண்ட் என்று ஒரு கான்ட்ராக்ட் பேசினார் அப்பா. 2,80,000 ரூபாய். வேலை எடுத்தவர் வேற்று ஆள் இல்லை, அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். எனக்கு மாமா. இருபது வருஷமாக இதே தொழிலில் இருப்பவர்.

"நமக்குள்ள என்ன மச்சான் எழுதிக்கிட்டு" என்றார் அப்பா. "அதானே மாப்ள" என்றார் மாமா. ஒப்பந்தம் முடிந்தது. காபி குடித்தோம்.

இன்றைக்கு அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. இந்தப் பொங்கலுக்கு அம்மாவுக்கு சீர் வரவில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து வந்துகொண்டிருந்த சீர். போகி அன்று சாயங்காலம் வரைக்கும் அம்மா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த மாதிரி கதை உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். கேட்டால் வீட்டுக்காரர், "கான்ட்ராக்டர்னாலே திருட்டுப் பயலுக" என்பார். கான்ட்ராக்டர், "காசு கொடுக்க மனசில்லாம நொட்டை சொல்றாங்க" என்பார். எனக்கு இரண்டிலுமே இப்போது நம்பிக்கை போய்விட்டது. இந்தச் சண்டைகளில் பாதிக்கு மேல், வேலை நடந்த நேரத்தில் யாரும் பார்க்காததால் வருகிறது. பார்க்காத வேலைக்குச் சாட்சி கிடையாது. சாட்சி இல்லாத சண்டைக்குத் தீர்ப்பும் கிடையாது.

கொஞ்சம் விளக்குகிறேன்.

மராமத்து வேலையில் நம் கண்ணுக்குத் தெரிவது டைல்ஸும் பெயிண்டும் குழாயும்தான். ஒழுகுவதும் ஒழுகாததும் அதற்கு அடியில் இருப்பதைப் பொறுத்தது. பாத்ரூம் தரையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீர்க் குழாய்களைப் பதிக்க வேண்டும். பதித்ததும் முனைகளை அடைத்து, உள்ளே அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றி, மூட்டுகளில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் தளத்தின் மேல் வாட்டர் ப்ரூஃபிங் கோட்டிங் இரண்டு முறை, சுவரிலும் கொஞ்சம் உயரத்துக்கு ஏற்றி அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் வடிகால் ஓட்டையை அடைத்து, தண்ணீர் கட்டி, குறைந்தது ஒரு முழு நாள் விட்டுவிட்டு, கீழே போய் சீலிங்கைப் பார்க்க வேண்டும். ஈரம் இல்லையென்றால்தான் மேலே கலவை, அதற்கு மேல் டைல்ஸ். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு நாள் பொறுமையும் சில குடம் தண்ணீரும்.

டைல்ஸ் ஒட்டிய பிறகு? கோட்டிங் அடித்தார்களா, ஒரு முறையா இரண்டு முறையா, மூட்டு சரியா... கடவுளுக்கும் கொத்தனாருக்கும்தான் தெரியும். சிமெண்ட் பூச்சும் அப்படித்தான். பூசிய பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி நனைத்து வைக்க வேண்டும். ஊற்றினார்களா இல்லையா என்பது ஆறு மாதம் கழித்து வெடிப்பு விழும்போதுதான் தெரியும். அப்போது "நாங்க ஊத்துனோம்", "நீங்க ஊத்தல" என்று கத்தலாம். வேறொன்றும் செய்ய முடியாது.

சரி, நான் படிப்பது பி.காம். கட்டட வேலையைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். இருக்கிறது சார்! காஸ்ட் அக்கவுண்டிங்கில் கான்ட்ராக்ட் காஸ்டிங் என்று ஒரு பாடம் வருமே, நினைவிருக்கிறதா? பத்து மார்க் கணக்குக்காக நாம் எல்லோரும் உருப்போட்டதுதான். அதில் 'ஒர்க் சர்டிஃபைடு' என்று ஒரு வரி வரும். முடிந்த வேலையைப் பொறியாளர் பார்த்து, இவ்வளவு ரூபாய்க்கு வேலை முடிந்திருக்கிறது என்று சான்று கொடுப்பார். அதிலும் 80 சதவீதமோ 90 சதவீதமோதான் பணமாகக் கைக்கு வரும். மீதி 'ரிடென்ஷன் மணி'. வேலையில் குறை வந்தால் பிடித்துக்கொள்ள நிறுத்திவைக்கும் தொகை. அந்தப் பாடத்தில் இன்னொரு விதி: கால்வாசி வேலை முடிவதற்குள் லாபம் என்று ஒரு பைசாகூடக் காட்டக்கூடாது.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். பூஜை போட்ட அன்றைக்கு 1,00,000. இரண்டாவது சனிக்கிழமை 80,000. மூன்றாவது சனிக்கிழமை 70,000. ஆக மொத்தம் 2,50,000, அதாவது பேசிய தொகையில் 89 சதவீதம். அன்றைய தேதிக்கு முடிந்திருந்த வேலை: பாத்ரூம் இடிப்பு, குழாய், சுவர் டைல்ஸ் பாதி. மாடியைத் தொடவே இல்லை. பெயிண்ட் டப்பா வரவே இல்லை. ஒர்க் சர்டிஃபைடு என்று யாராவது எழுதியிருந்தால் பாதிகூட வந்திருக்காது. சர்டிஃபை பண்ணத்தான் ஆளே இல்லையே!

அப்பா ஏன் கொடுத்தார்? மாமா கேட்டார், கொடுத்தார். மாமா ஏன் கேட்டார்? இங்கேதான் 'திருட்டுப் பயலுக' என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. மாமாவுக்கு அந்தச் சமயத்தில் மூன்று இடத்தில் வேலை. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். போன வேலையில் பாக்கி வராமல் நின்றிருக்கும். ஆகவே எங்கள் வீட்டு அட்வான்ஸ் இன்னொரு வீட்டுச் சனிக்கிழமைக்குப் போகும். எங்கள் வீட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆட்கள் ஒரு வாரம் காணாமல் போவது இதனால்தான். அவரிடம் கையிருப்பு முதல் இல்லை, நம் அட்வான்ஸ்தான் அவருடைய முதல். இது மோசடி இல்லை, பணப்புழக்கப் பிரச்சினை. ஆனால் அதை நம் வீட்டு பாத்ரூம் ஏன் தாங்க வேண்டும்?

எங்கள் பக்கத் தப்பும் இருக்கிறது. வேலை நடக்கும்போதே அம்மா, "அண்ணே, அப்படியே கிச்சன்ல ஒரு பரண் போட்டுடுங்க" என்றார். அப்பா கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு ஒரு மேடை கேட்டார். அப்புறம் வாசல் படி. ஒன்றுக்கும் விலை பேசவில்லை. அப்பா மனசில் அதெல்லாம் 'சும்மா சின்ன வேலை'. மாமா கணக்கில் 38,000. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ல் 70-வது பிரிவு நாம் படித்ததுதான். இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை நாம் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். பரணில் இப்போது எங்கள் கொலுப் பெட்டி இருக்கிறது. பலன் அனுபவிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து இரண்டு பேர் கணக்கையும் ஒரு தாளில் போட்டேன். மாமாவுக்கு வர வேண்டியது: பாக்கி 30,000, கூடுதல் வேலை 38,000, ஆக 68,000. அப்பா கேட்பது: பாத்ரூமை உடைத்துத் திரும்பச் செய்ய வேறொரு பொறியாளர் சொன்ன தொகை, 65,000. இரண்டு பேர் சொல்வதும் முழுசாக உண்மை என்று வைத்தால் வித்தியாசம் 3,000 ரூபாய். அதுவும் நாங்கள்தான் தர வேண்டும்!

ஆனால் ஒரு 'ஆனால்' இருக்கிறது. ஒழுகலுக்கு மாமாதான் காரணம் என்றால்தான் இந்தக் கணக்கு. அவர் கோட்டிங் இரண்டு முறை அடித்தேன் என்கிறார். அப்பா வாங்கிக் கொடுத்த நஹானி டிராப் மட்டமானது, ஒழுகல் அதில்தான் என்கிறார். அப்படியானால் 68,000 முழுசும் எங்கள் கடன்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். போகலாம்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் வீடு கட்டுமானமும் ஒரு சேவைதான். குறை தெரிந்த இரண்டு வருஷத்துக்குள், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. (ரெரா, ஐந்து வருஷப் பொறுப்பு என்று சிலர் சொல்வார்கள். 2016-ல் வந்த அந்தச் சட்டம் பில்டரிடம் வாங்கும் வீட்டுக்கு. நாமே ஆள் வைத்துச் செய்யும் மராமத்துக்கு உதவாது.) வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் என்ன பேசினோம் என்பதை நிரூபிக்க வேண்டும். எங்களிடம் எஸ்டிமேட் இல்லை, ரசீது இல்லை, போட்டோ இல்லை. பில் கேட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி ஏறும் என்று அப்பா கேட்கவே இல்லை. வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் வேலை எடுக்கும் சிறிய ஆட்கள் ஜி.எஸ்.டி பதிவே செய்ய வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் தேதி போட்டு, தொகை எழுதி, ஒரு கையெழுத்து வாங்க எந்த வரியும் கிடையாது.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை.

வேலை நடந்த நாட்களில் அப்பா ஆபீஸ் போய்விடுவார். செமஸ்டர் லீவில் வீட்டில் இருந்தது நான்தான். "கூடவே இருந்து பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். டீ வாங்கிக் கொடுத்தேன். மற்ற நேரம் கீழே ஃபேனுக்கு அடியில் போனும் கையுமாக ஐ.பி.எல் பார்த்தேன். ஒரு நாள் மதியம் மாமா படியில் பாதி இறங்கி வந்து, "மருமகனே, கோட்டிங் அடிச்சாச்சு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்று கூப்பிட்டார். நான் தலையைத் தூக்காமலே சொன்னேன்: "நீங்க செஞ்சா சரிதான் மாமா."

ஆகஸ்டில் கறை வந்தபோது அப்பா என்னிடம் கேட்டார். "அடிச்சானா இல்லையா, நீ பாத்தியா?" மாமாவும் ஹாலில் நின்று என்னைத்தான் பார்த்தார். "நான் பாக்கலப்பா" என்றேன். என்னால் இரண்டு பேருக்குமே உதவ முடியவில்லை. மாமா பொய் சொல்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாக்கக் கூப்பிட்ட மனிதர் அவர் என்பது மட்டும் தெரியும்.

அதனால் வீட்டில் வேலை வைக்கப்போகும் எல்லோருக்கும் என் வேண்டுகோள். வேலையைப் பார்ப்பதும் ஒரு வேலை. அதற்கும் ஓர் ஆளைப் போடுங்கள். உங்களால் முடியாது என்றால், ஒரு சிவில் என்ஜினியரிடம் வருகைக்கு இவ்வளவு என்று பேசி, மூடுவதற்கு முன் பார்க்க வேண்டிய கட்டங்களில் மட்டும் வரச் சொல்லுங்கள். குழாய், கோட்டிங், தண்ணீர் கட்டுதல் - இந்த மூன்றையும் போனில் படம் எடுத்து, அன்றைக்கே கான்ட்ராக்டருக்கும் அனுப்புங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு. பணத்தைக் கிழமை பார்த்துக் கொடுக்காமல் வேலை பார்த்துக் கொடுங்கள். இடிப்புக்கு 10 சதவீதம், குழாய்க்கு 20, கோட்டிங் சோதனை முடிந்ததும் 15, டைல்ஸ் 25, ஃபிட்டிங்ஸ் 20, கடைசி 10 சதவீதம் மூன்று மாதம் கழித்து. தவணை சின்னதாக, அடிக்கடி இருந்தால் அவருடைய சனிக்கிழமைச் சம்பளமும் நடக்கும். கூடுதல் வேலை என்று வாய் திறந்தால் விலையையும் அப்போதே எழுதுங்கள்.

சொந்தக்காரரிடம் எப்படி எழுதி வாங்குவது, தப்பா நினைக்க மாட்டாரா என்று கேட்பீர்கள். நினைப்பார்தான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எழுதாமல் விட்ட எங்கள் வீட்டில் எட்டு மாதமாகப் பேச்சே இல்லை.

அப்பாவிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். எப்படியும் அந்தத் தரையை உடைக்கத்தான் வேண்டும். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு என்ஜினியரைக் கூப்பிட்டு, மாமாவையும் நிற்க வைத்து உடைப்போம். கோட்டிங் இருந்ததா, டிராப் போச்சா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். யார் பக்கம் தப்போ அவர் செலவு. அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும், "உங்க மாமாவுக்கு நான் போன் போடவா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

உடைக்கும் நாளில் நான் பாத்ரூம் வாசலில்தான் நிற்பேன். போன் வீடியோ எடுக்க மட்டும்.

டிஸ்கி: வகுப்புத் தோழர்களுக்கு... கான்ட்ராக்ட் காஸ்டிங்கை சாய்ஸில் விடாதீர்கள். பரீட்சையில் வராவிட்டாலும் பாத்ரூமில் வரும் :-)