போகும்போது கேட்கமாட்டார்கள், வரும்போது கேட்பார்கள்!

"கணவர் ட்ரினிடாடில் வேலை பார்க்கிறார். ஏழு மாதக் கைக்குழந்தையுடன் இரண்டு மாதம் போய் இருந்துவிட்டு வரலாமென்று ஆசை. விசாவே வேண்டாமாமே, அப்புறம் என்ன?" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

அவசரப்படாதீங்க, அம்மா!

விசா விஷயம் நிஜந்தான். சுற்றிப் பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ போகிற இந்தியருக்கு 90 நாள் வரை அங்கே விசா தேவையில்லை. திரும்பி வரும் டிக்கெட், தங்கப்போகும் வீட்டு விலாசம், கைச்செலவுக்குப் பணம் இருப்பதற்கு அத்தாட்சி இவற்றைக் கேட்பார்கள். குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். அங்கிருந்து கிளம்பும்போது கட்டும் வரி டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடுகிறது. ஆனால் நம் ஊரிலிருந்து நேர் விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால், இரண்டு மணி நேரம் இறங்கி ஏறுவதற்குக்கூட அந்த நாட்டு விசா வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து! லண்டன் வழியென்றாலும் பெரும்பாலும் இதே கதைதான். விசாவில் மிச்சம் பிடித்த பணம் இங்கே கரைந்துவிடும். டிக்கெட் வாங்குமுன் வழியைக் கேளுங்கள்.

இதெல்லாம் பணத்தோடு போகும். நான் பயப்படுவது மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு. (மஞ்சள் காமாலை வேறு, இது வேறு.) இந்தியாவிலிருந்து போகிறவரிடம் ட்ரினிடாடில் இந்த ஊசிச் சான்றிதழைக் கேட்பதில்லை. கேட்பது நம் விமான நிலையத்தில், திரும்பி வரும்போது! காரணம் இருக்கிறது. அந்தத் தீவின் காடுகளில் குரங்குகளிடம் இந்த நோய் உண்டு. நம் நாட்டில் நோய் கிடையாது, ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு, அதான் டெங்கு கொசு, வீட்டுக்கு வீடு இருக்கிறதே! அதனால் சான்றிதழ் இல்லாமல் வருகிறவரை ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். பக்கத்துத் தீவான டொபேகோவுக்கு மட்டும் இந்தக் கெடுபிடி இல்லை.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சான்றிதழ் வேண்டாம். ஊசியோ, சாதாரணமாக ஒன்பது மாதம் முடிந்த பிறகே போடுவார்கள். உங்கள் குழந்தை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது! தாய்ப்பால் கொடுப்பதால் உங்களுக்கும் இப்போது போடத் தயங்குவார்கள். ஆகவே பயணத்தை இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள் என்பேன். கணவர் முகம் வாடத்தான் செய்யும், பரவாயில்லை. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசியும் வருவதால், எதை எப்போது போடுவது என்று குழந்தை டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்கூட்டியே நாள் வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டுடன் போங்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். துணைக்கு மாமியாரும் வருகிறாரா? அறுபது தாண்டியவர்களும் முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் டாக்டரைக் கேட்காமல் கை நீட்டக்கூடாது.

அந்த மஞ்சள் புத்தகத்தைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். கைப்பையில், பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும்.