லினக்ஸ் 'தல' தண்ணியில இருக்கார்!

லினக்ஸ் எழுதின லினஸ் டோர்வால்ட்ஸுக்கு லீவு கிடைச்சா போதும், தண்ணியிலதான் கிடப்பார். ஹலோ... அந்தத் தண்ணி இல்ல பாஸ், கடல் தண்ணி! முதுகுல சிலிண்டர், வாயில காத்துக் குழாய், கால்ல தவளைக்கால் மாதிரி துடுப்பு. மனுஷர் ஸ்கூபா டைவிங் பைத்தியம்.

1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்துல படிச்சுக்கிட்டு இருந்தப்போ, 21 வயசுல லினக்ஸை ஆரம்பிச்சவர். இப்போ வாசம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துல. 'நான் இப்பல்லாம் கோடு எழுதறதே கம்மி. மெயில் படிக்கிறதும், மத்தவங்க எழுதினதைச் சேர்க்கலாமா வேணாமான்னு முடிவு பண்றதும்தான் வேலை' என்கிற ரீதியில பல பேட்டிகள்ல சொல்லியிருக்கார். நாள் பூரா மெயிலோட மல்லுக்கட்டுற ஆளுக்கு, செல்போன் சிக்னலே எட்டாத இடம் பிடிச்சுப்போனதுல ஆச்சர்யம் என்ன?

ஆனா டெக்னிக்கல் பார்ட்டிங்க கடலுக்குள்ள போனாலும் டெக்னாலஜியைக் கரையில விட்டுட்டுப் போறதில்ல. விடவும் முடியாது. டைவர் கையில வாட்ச் மாதிரி ஒண்ணு கட்டியிருப்பாங்களே, அதுக்குப் பேரு டைவ் கம்ப்யூட்டர். சும்மா பந்தாவுக்குக் கட்டுற சமாச்சாரம் இல்ல, உயிர் விஷயம்.

எப்படின்னு கேளுங்க. கடல்ல ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் நம்ம மேல அழுத்தம் ஒரு மடங்கு கூடும். 20 மீட்டர்ல நிலத்துல இருக்கிறதைப் போல மூணு மடங்கு. அந்த அழுத்தத்துல சுவாசிக்கிற காத்துல இருக்கிற நைட்ரஜன், ரத்தத்துலயும் சதையிலயும் கரைஞ்சு போய் உட்கார்ந்துக்கும். மெதுவா மேல வந்தா மூச்சு வழியா வெளியேறிடும். 'அப்பாடா'ன்னு சர்ருனு மேல வந்தா? கோலி சோடாவை டப்புனு உடைச்சா எப்படி நுரை பொங்கும்... அதேதான், உடம்புக்குள்ள! மூட்டு வலியில ஆரம்பிச்சு பக்கவாதம், சாவு வரைக்கும் போகலாம்.

அதனாலதான் நிமிஷத்துக்கு சுமார் 9 மீட்டருக்கு மேல வேகமா ஏறக்கூடாது. 5 மீட்டர் ஆழத்துல 3 நிமிஷம் அந்தரத்துல நிக்கணும். ஒரே நாள்ல ரெண்டு மூணு டைவ் அடிச்சா, குறைஞ்சது 18 மணி நேரத்துக்கு ஃப்ளைட் ஏறக்கூடாது. கொடைக்கானல் மாதிரி மலைக்குப் போறதுகூட வம்புதான். எவ்வளவு ஆழத்துல, எத்தனை நிமிஷம் இருந்தோம்னு விடாம கணக்குப் போட்டு, 'போதும், கிளம்பு'ன்னு சொல்றது அந்தக் குட்டி கம்ப்யூட்டர்தான்.

கரைக்கு வந்ததும் அதுல பதிவானதையெல்லாம் லேப்டாப்புக்கு ஏத்துவாங்க. ஆழம் ஏறி இறங்கின வரைபடம், தண்ணியோட சூடு, செலவான காத்து... எல்லாம் டைரி மாதிரி சேர்ந்துக்கிட்டே போகும். முதல் டைவ்ல பயத்துல மடமடன்னு காத்தைக் குடிச்சவர், அம்பதாவது டைவ்ல எவ்வளவு நிதானமாயிட்டார்னு அதுல பார்க்கலாம். நம்ம ரெக்கார்டு நோட்டு மாதிரிதான்... ஆனா இதை யாரும் பார்த்து காப்பி அடிக்கிறதில்ல!

இங்கதான் டோர்வால்ட்ஸுக்குக் கடுப்பு. அப்போ டைவ் கம்ப்யூட்டர் கம்பெனிங்க தந்த சாஃப்ட்வேரெல்லாம் பெரும்பாலும் விண்டோஸுக்கு. லினக்ஸ்ல உருப்படியா ஒண்ணும் இல்ல. லினக்ஸைப் பெத்தவருக்கே இந்த நிலைமை! 2011-ல் லினக்ஸ் வேலையில கட்டாய இடைவெளி ஒண்ணு விழ, உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சுட்டார். பேரு சப்சர்ஃபேஸ். டைவ் கம்ப்யூட்டர்களோட பேசறதுக்கு ஏற்கெனவே இன்னொருத்தர் எழுதி வெச்சிருந்த ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை அப்படியே எடுத்துக்கிட்டார். அடுத்த வருஷமே பொறுப்பை டர்க் ஹோன்டல் என்கிற நண்பர்கிட்ட கொடுத்துட்டார். அவரும் டைவர், அவரும் லினக்ஸ் ஆள்.

2005-ல் 'கிட்' பிறந்ததும் இதே ரூட்டுதான். பயன்படுத்திக்கிட்டு இருந்த கருவிக்கு இலவச அனுமதி போச்சு. மாத்து எதுவும் திருப்தியா இல்ல. தானே எழுதிட்டார். இதுல கூத்து என்னன்னா, சப்சர்ஃபேஸ் இணையத்துல டைவ் டைரியைச் சேமிக்கிறதும் அதே கிட்லதான். வேலைக்குச் செஞ்ச அருவா, தோட்டத்துக்கும் உதவுது!

லினக்ஸ்ல மட்டும் இல்ல, விண்டோஸ், மேக்லயும் ஓடுது. காசு கிடையாது. முழு கோடும் திறந்தே இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க ஒருநாள் எடுத்து மேய்ஞ்சு பாருங்க. நீச்சலே தெரியாட்டியும் பரவாயில்ல. எனக்கே மெரினாவுல முட்டி வரைக்கும்தான்.

இவரைப் பத்திப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் ஃபைனல் இயர் ஞாபகம் வந்து காது சிவந்துடும். சுத்தி எரிச்சலுக்கா பஞ்சம்? ஹாஸ்டல் மெஸ்ல சாப்பிடாத நாளுக்கும் பில் வரும். லேப்ல பத்து சிஸ்டத்துக்கு முப்பது பேர் க்யூ. தினமும் மரத்தடியில உட்கார்ந்து புலம்புவோம். அதுல ஒண்ணை எடுத்து ப்ராஜெக்டா பண்ணலாம்னு நாலு பேர்ல ஒரு மண்டைக்கும் தோணல. ஆளுக்கு ரெண்டாயிரம் ரூபா போட்டு, ஒரு ப்ராஜெக்ட் சென்டர்ல 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' வாங்கினோம். சி.டி., ரிப்போர்ட், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் சேர்த்து.

வைவாவுல எக்ஸ்டர்னல் மேடம் ரிப்போர்ட்டைப் புரட்டிட்டு அமைதியா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "புக்கை லேட்டா குடுத்தா ஃபைன் எங்கப்பா கணக்காகுது?"

நாலு பேரும் ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு நின்னோம். மேடம் அரை நிமிஷம் காத்திருந்தாங்க. அப்புறம் சிரிச்சுக்கிட்டே பாஸ் மார்க் போட்டு அனுப்பிட்டாங்க.

அந்த சி.டி. இன்னும் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. ஃபைன் எங்க கணக்காகுதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.