மீனுக்குத் தெரியாத கோடு: ஒரு 'டேக்' சொன்னதை ஏற்க 26 வருஷமா?

சாப்பாடு ஆர்டர் செய்துவிட்டு, டெலிவரி பைக் எந்த சிக்னலில் நிற்கிறது என்று போனிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால், 300 கிலோ எடையுள்ள ஒரு மீன் அட்லாண்டிக் கடலுக்குள் எந்தப் பக்கம் போகிறது என்பது 30 வருஷத்துக்கு முன்புவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாமலேயே, அந்த மீனை எந்த நாடு எவ்வளவு பிடிக்கலாம் என்று விதி மட்டும் போட்டுவிட்டார்கள்.

அந்த மீனின் பெயர் அட்லாண்டிக் ப்ளூஃபின். நம்மூர் மீன் சந்தையில் 'சூரை' என்று விற்கிறார்களே, அந்தக் குடும்பத்திலேயே பெரிய ஆள். 3 மீட்டர் நீளம், 600 கிலோவுக்கு மேல்கூட வளரும். ஜப்பானின் சுஷி சந்தையில் இதற்கு இருக்கும் மவுசே தனி. 2019 ஜனவரியில் டோக்கியோவின் டோயோசு சந்தையில், இதன் நெருங்கிய சொந்தமான பசிபிக் ப்ளூஃபின் ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு ஏலம் போனது. எடை 278 கிலோ. இவ்வளவு பணம் புரளும் இடத்தில் சண்டை வராமல் இருக்குமா?

நடுக்கடலில் ஒரு கோடு

சண்டையைத் தீர்க்க 'இக்காட்' இருக்கிறது. அட்லாண்டிக் சூரை மீன்களைப் பாதுகாப்பதற்காக நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் ஆணையம், தலைமையகம் மாட்ரிட்டில். இந்த ஆணையம் 1980களின் தொடக்கத்தில் ஒரு வேலை செய்தது. வரைபடத்தில் மேற்கு 45 டிகிரி தீர்க்கரேகையை எடுத்து, அதையே எல்லையாக வைத்தது. கோட்டுக்கு மேற்கே இருப்பவை மெக்சிகோ வளைகுடாவில் முட்டையிடும் மீன்கள். கிழக்கே இருப்பவை மத்தியதரைக் கடலில் முட்டையிடும் மீன்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிக் கோட்டா.

கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. மேற்கில் மீன் குறைந்ததால் அங்கே கடுமையான கட்டுப்பாடு வந்தது. கிழக்கில் 1990களின் கடைசி வரை கோட்டாவே கிடையாது. மீன்கள் அந்தக் கோட்டைத் தாண்டாது என்று நம்பினால் மட்டுமே இந்த ஏற்பாடு செல்லும். தாண்டினால்? மேற்கில் ஒருவர் பிடிக்காமல் விட்ட மீனை, கிழக்கில் இன்னொருவர் பிடித்துக்கொண்டு போவார்.

ஜிபிஎஸ் இல்லாமல் எப்படி?

மீன் கோட்டைத் தாண்டும் என்பதற்கு ஆதாரம் முன்பே இருந்தது. 1950களிலிருந்தே மீனின் முதுகில் பிளாஸ்டிக் அடையாளச் சீட்டு குத்திவிட்டார்கள். அமெரிக்கக் கரையில் விட்ட சில மீன்கள் ஐரோப்பாவில் பிடிபட்டன. ஆனால், பிளாஸ்டிக் சீட்டு இரண்டே விஷயம்தான் சொல்லும்: எங்கே விட்டோம், எங்கே பிடித்தோம். இடையில் என்ன நடந்தது என்று தெரியாது. "அது ஏதோ வழி தவறிப்போன மீன்" என்று சொல்லித் தப்பித்துவிடலாம்.

எலெக்ட்ரானிக் டேக் அந்த இடைவெளியைத்தான் நிரப்பியது. ஒரு சிக்கல் உண்டு. ஜிபிஎஸ் சிக்னல் கடல் நீருக்குள் போகாது. அதனால் டேக், கப்பல் மாலுமிகளின் பழைய முறைக்கே திரும்புகிறது. அதில் இருக்கும் சென்சார்கள் வெளிச்சம், ஆழம், வெப்பநிலை மூன்றையும் பதிவு செய்துகொண்டே இருக்கும். சூரியன் எத்தனை மணிக்கு உதித்தது, மறைந்தது என்பதை வைத்துத் தீர்க்கரேகை கிடைக்கும். பகல் எவ்வளவு நீளம் என்பதை வைத்து அட்சரேகை கிடைக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது, இந்தக் கணக்கு தடுமாறும். அப்போது கடல் மேற்பரப்பு வெப்பநிலையோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். சாதாரண நாட்களிலேயே 100 கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். தெரு தெருவாகக் காட்டாது. ஆனால், ஒரு பெருங்கடலை மீன் தாண்டியதா இல்லையா என்று சொல்ல இது தாராளமாகப் போதும்.

இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றைச் சிறிய அறுவை சிகிச்சை செய்து மீனின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். அந்த மீனை யாராவது பிடித்து, டேக்கைத் திருப்பிக் கொடுத்தால்தான் டேட்டா கிடைக்கும். அதற்காகவே 1,000 டாலர் பரிசு அறிவித்தார்கள். இன்னொன்று மீனின் முதுகில் தொங்கும். குறித்த தேதியில் தானாகக் கழன்று மேலே மிதந்து வந்து, சாட்டிலைட்டுக்குச் சுருக்கமாகத் தகவல் அனுப்பும்.

772 மீன்கள் சொன்ன கதை

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பார்பரா பிளாக் குழு, 1996 முதல் அமெரிக்காவின் வட கரோலினா கரையில் இந்த வேலையைத் தொடங்கியது. 2005இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில், மேற்கு அட்லாண்டிக்கில் டேக் போட்ட 772 ப்ளூஃபின்களின் கதை இருந்தது. முடிவு இதுதான்: மீன்கள் இரண்டு கூட்டம் என்பது சரி. முட்டையிடும் இடம் வேறு வேறு என்பதும் சரி. ஆனால், இரை தேடும் இடத்தில் இரண்டு கூட்டமும் கலந்துதான் மேய்கின்றன. 45 டிகிரி கோடு அவற்றுக்குத் தெரியவே தெரியாது.

டேக் மட்டும் சொல்லவில்லை. மீன் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லில், அது பிறந்த கடலின் ரசாயன முத்திரை இருக்கும். அதை வைத்து 2008இல் வந்த ஆய்வில், அமெரிக்கக் கடலில் பிடிபட்ட வளர்பருவ மீன்களில் பாதிக்கும் மேல் மத்தியதரைக் கடலில் பிறந்தவை என்று தெரிந்தது. வளர்ந்த மீன்களோ முட்டையிடப் பிறந்த இடத்துக்கே திரும்புகின்றன.

அதே காலத்தில் கிழக்கில் என்ன நடந்தது? 2007இல் அனுமதிக்கப்பட்டது 29,500 டன். உண்மையில் பிடிக்கப்பட்டது ஏறத்தாழ 61,000 டன் என்று இக்காட்டின் விஞ்ஞானிகளே கணித்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்த கொள்ளையில் இந்தப் பக்கத்து மீனும் சேர்ந்தே போயிருக்கும்.

தெரிந்த பிறகும் ஏன் தாமதம்?

கலப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு இரு பக்கக் கோட்டாவையும் சேர்த்துத் தீர்மானிக்கும் முறையை இக்காட் ஏற்றது 2022 நவம்பரில். முதல் டேக் போட்டு 26 ஆண்டுகள் கழித்து.

விஞ்ஞானிகள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. டேக் விலை ஆயிரக்கணக்கான டாலர். லட்சக்கணக்கான மீன்களில் சில நூறுக்குத்தான் போட முடியும். அதிலும் பெரும்பாலும் மேற்கில் விட்ட மீன்கள். இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு பல நாடுகளின் பிழைப்பை மாற்றி எழுத முடியாது என்பது உண்மைதான். கணக்கு மாதிரிகளை உருவாக்கி, சோதித்துப் பார்க்க வருஷங்கள் ஆகும்.

ஆனால், 26 வருஷத்துக்கும் அதையே காரணமாகச் சொன்னால் ஏற்க முடியுமா? ஒவ்வொரு வருஷமும் கூட்டம் கூடும். "இன்னும் டேட்டா வேண்டும்" என்று யாராவது சொல்வார்கள். கோட்டா குறைந்தால் யாருக்கு நஷ்டமோ, அவர்களுக்கு மட்டும் எந்த டேட்டாவும் போதாது. மீன் எங்கே போகிறது என்று தெரியாததால் வந்த தாமதம் முதல் சில வருஷங்கள்தான். தெரிந்தால் என்ன செய்வோம் என்று யாரும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்காததால் வந்த தாமதம்தான் மிச்சம்.

2022இல் மாறியது அதுதான். இப்போது கோட்டா பேரம் பேசி வருவதில்லை. இரு பக்கத்திலும் மீன் எவ்வளவு தென்படுகிறது என்ற அளவீடுகளை ஒரு சூத்திரத்தில் போட்டால், அடுத்த 3 ஆண்டுக்கான கோட்டா வெளியே வரும். சூத்திரத்தை எல்லா நாடுகளும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டன. முதல் முறை, 2023 முதல் 2025 வரை ஆண்டுக்கு கிழக்கில் 40,570 டன், மேற்கில் 2,726 டன் என்று வந்தது. 45 டிகிரி கோடு வரைபடத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால், மீன் அதைத் தாண்டும் என்பது இப்போது கணக்கிலேயே இருக்கிறது.

இடையில் கிழக்கில் கோட்டாவைக் கடுமையாகக் குறைத்ததால் மீன்வளம் மீண்டது. 2021இல் ஐயூசிஎன் இந்த மீனை அழியும் ஆபத்துப் பட்டியலிலிருந்து இறக்கியது. நல்ல செய்திதான். ஆனால், மேற்குக் கூட்டம் பழைய நிலைக்கு இன்னும் வரவில்லை.

இந்தியப் பெருங்கடலுக்கு என்ன பாடம்?

இது யாரோ பணக்கார நாடுகளின் சண்டை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம்ம கடலிலும் மஞ்சள் துடுப்புச் சூரை இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆயிரங்கால் தூண்டிலோடு ஆழ்கடலுக்குப் போவது இதற்காகவும்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், 'சாட்டூனா' திட்டத்தில் இந்த மீனுக்குச் சாட்டிலைட் டேக் போட்டிருக்கிறது. அதற்கு முன்பே இந்தியப் பெருங்கடலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சூரைகளுக்கு, பெரும்பாலும் தான்சானியா பக்கம், பிளாஸ்டிக் சீட்டு குத்திவிட்டார்கள்.

மீன் பல நாட்டுக் கடலையும் தாண்டிப் போகும் என்பது இங்கேயும் தெரிந்த விஷயம். ஆனால், யார் எவ்வளவு பிடிப்பது என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. 2021இல் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் கொண்டுவந்த குறைப்பு விதிக்கு இந்தியாவும் ஆட்சேபம் தெரிவித்தது. தூர தேசத்துப் பெரிய கப்பல்கள் அள்ளிக்கொண்டு போகும்போது, நம்ம சின்னப் படகு ஏன் குறைக்க வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தையும் சூத்திரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் கருத்து. விதிக்கு வெளியே நின்றால், அடுத்த 26 வருஷமும் பேசிக்கொண்டேதான் இருப்போம்.

இன்னொன்று. டேக்கைத் திருப்பிக் கொடுப்பது மீனவர்தான். அது எதற்குப் பயன்படப்போகிறது என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. "உங்கள் கோட்டாவைக் குறைக்க" என்பது மட்டும்தான் பதில் என்றால், அடுத்த டேக் கடலுக்கே போய்விடும்.

ஆகவே, மீனின் முதுகில் டேக் குத்துவதற்கு முன்பே மேசையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். டேட்டா இப்படி வந்தால் இதைச் செய்வோம், அப்படி வந்தால் அதைச் செய்வோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட காகிதம். மீன் தன் பங்குக்குச் சரியான தகவலைத்தான் கொடுக்கிறது. வாக்குக் கொடுக்க வேண்டியது நாம்தான்.