குதிகால் வலியும் சங்கத்தின் கடமையும்

காலையில் பாயை விட்டெழுந்து முதலடி வைக்கும்போது குதிகாலில் முள் தைத்தாற்போல் வலிக்கிறதென்று கூறும் அங்கத்தினர் நம்மிடையே உளர். அதனை வயதின் கோளாறென்று பொறுத்திருந்து, வலி முற்றியபின் தறியையும் வயலையும் விட்டுக் கூலியை இழப்பது அறிவுடைமையாகாது.

குதியெலும்பிலிருந்து விரல்களின் அடிவரை பாதத்தைத் தாங்கும் நார்ப்பட்டை ஒன்றுண்டு. பாவடியிலும் களத்திலும் வெறுங்காலுடன் நெடுநேரம் நிற்பதாலும் நடப்பதாலும் அது நைந்து நோகிறது. உடற்பருமன் அந்நோவை மிகுவிக்கும்.

பரிகாரம் எளிது. படுக்கையை விட்டிறங்குமுன் கால்விரல்களைக் கையாற்பற்றி, முழங்காலை நோக்கிப் பத்து முறை மெல்ல இழுத்து விடுக. சுவரில் கையூன்றிக் கெண்டைக்காற் சதையை நாள்தோறும் நீட்டுக. குதிக்கு மெத்தென்றிருக்கும் செருப்பணிக. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கேனும் ஓராண்டுக்குள் அறுவையின்றியே குணமாகிறது. வீக்கம், மரமரப்பு, காய்ச்சல் காணின் மருத்துவரை நாடுக. நீரிழிவுடையோர் தொடக்கத்திலேயே நாடுக.

தேய்ந்த நாடாவை மாற்றத் தயங்காத நாம், தறி மிதிக்கும் காலுக்குச் செருப்பு வாங்கத் தயங்குவதேன்? ஒருவருக்குப் பாரமாவது பலருக்கு எளிது. நல்ல செருப்புகளைச் சங்கமே மொத்தமாகக் கொள்முதல் செய்து தவணையில் வழங்கலாகாதா? அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொணர்வோமாக!