டப்பாவுக்கும் ஒரு பெயர் வையுங்கள்!

முன்பக்கம் கடை. பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு சின்ன சரக்கு அறை. நம் ஊர்ப்பக்கம் மளிகைக் கடை நடத்தும் பல குடும்பங்களில் இதுதான் அமைப்பு.

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் இருக்கும் கரையாம்புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாய கிராமம். இது போன்ற ஊர்களில் ஒரே கடையில் அரிசி, பருப்பும் கேட்பார்கள். ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், எலி மருந்தும் கேட்பார்கள். கடைக்காரருக்குக் கொஞ்சம் நிலமும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். விதை நெல், உரம், அடித்து மிஞ்சிய பூச்சிமருந்து எல்லாம் அதே அறைக்குத்தான் வந்து சேரும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஃபினாயில், பழைய பிஸ்கட் டின்னில் பிளீச்சிங் பவுடர், பக்கத்திலேயே இன்னொரு டின்னில் கோலமாவு, அதற்குப் பக்கத்தில் மைதா!

“எது எங்கே இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன் சார்” என்பார் கடைக்காரர். உண்மைதான், அவர் சொல்லிவிடுவார். ஆனால், அவர் காய்ச்சலில் படுத்துவிட்ட அன்றைக்கு? அன்று கடையில் உட்காரப்போவது அவர் மனைவி. அல்லது பத்தாவது படிக்கும் மகன். அல்லது போன வாரம் வேலைக்குச் சேர்ந்த புது ஆள்.

நாம் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். லேபிள் என்பது தெரிந்தவருக்காக ஒட்டுவதல்ல, தெரியாதவருக்காக ஒட்டுவது. அது வியாபார ஒழுங்குக்கான சமாச்சாரம் மட்டுமல்ல. குடும்ப ஆரோக்கியத்துக்கான சமாச்சாரம்.

மிட்டாயில் வந்த எமன்

“ஒரு துண்டுச் சீட்டுக்கு இவ்வளவு பெரிய பேச்சா?” என்று தோன்றுகிறதா? இதைக் கேளுங்கள்.

1858-ம் ஆண்டு. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரம். அங்கே மிட்டாய் தயாரித்த ஒருவர், சர்க்கரைச் செலவைக் குறைக்க ஒரு வெள்ளைப் பொடியைக் கலப்பது வழக்கம். அந்தக் காலத்தில் பலரும் செய்த கலப்படம் அது. பொடி வாங்க மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பினார். கடைக்காரருக்கு அன்று உடம்பு சரியில்லை. உதவியாளரைக் கூப்பிட்டு, பொடி இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பினார். உதவியாளர் தவறான பீப்பாயிலிருந்து 12 பவுண்டு, அதாவது சுமார் ஐந்தரை கிலோ, அள்ளிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்தது ஆர்சனிக் என்னும் கொடிய பாஷாணம். பீப்பாய் மேல் பளிச்சென்று தெரியும்படி பெயர் இல்லை. இரண்டும் வெள்ளைப் பொடி, வித்தியாசம் தெரியவில்லை.

அந்த மிட்டாயைத் தின்றதில் சுமார் 20 பேர் இறந்தார்கள். 200 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். வழக்கு நடந்தும் யாரும் தண்டிக்கப்படவில்லை. ஏனென்றால், கொல்ல வேண்டும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. முதலாளிக்கு எது எங்கே என்று தெரியும், உதவியாளருக்குத் தெரியாது. அவ்வளவுதான் நடந்தது.

பக்கத்து மாநிலத்தில்...

அது சீமைக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1958-ல், நம் பக்கத்தில் கேரளத்தில் கோதுமை மாவு சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மாவு வந்த கப்பலிலேயே பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தும் வந்திருந்தது. அது கசிந்து மாவில் கலந்துவிட்டது. அந்த மருந்தின் வியாபாரப் பெயர்தான் ஃபாலிடால். நம் கிராமங்களில் ‘பாலிடால்’ என்கிறோமே, அதுவேதான். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் நம் நாட்டில் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் கீழ் 1971-ல் வந்த விதிகள் என்ன சொல்கின்றன தெரியுமா? பூச்சிமருந்தை மற்ற சரக்குகளோடு சேர்த்து வைக்கக் கூடாது. தனி அறையில் வைக்க வேண்டும். அல்லது, அளவைப் பொறுத்து, தனி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். விதி இருக்கிறது. ஆனால் நம் சரக்கு அறையில்?

‘மருந்து’ என்று எழுதினால் போதுமா?

நம் தமிழிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து. வயலில் அடிப்பதும் மருந்து. எலிக்கு வைப்பதும் மருந்து. “அலமாரியில மருந்து இருக்கு, எடுத்துட்டு வா” என்று சொன்னால், குழந்தை எதை எடுத்து வரும்? ஆகவே லேபிளில் வெறுமனே ‘மருந்து’ என்று எழுதாதீர்கள். ‘எலி விஷம்’, ‘பூச்சி விஷம்’ என்று பச்சையாக எழுதுங்கள். மங்களகரமாக இல்லையே என்று பார்க்காதீர்கள்.

எந்த மொழியில் எழுதுகிறோம் என்பதும் முக்கியம். 1971-ல் இராக் நாட்டுக்கு விதைக் கோதுமை மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. விதைப்பதற்காகப் பாதரச மருந்து பூசப்பட்ட கோதுமை அது. எச்சரிக்கை இருந்தது, ஆனால் அந்த மக்களுக்குப் புரியாத வேற்று மொழிகளில். விதைக் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டார்கள். 6,500 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அவர்களில் 459 பேர் இறந்தார்கள்.

மருந்து கலந்த விதை நெல்லை வீட்டில் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மூட்டையின் மேல் ‘விதை நெல் – சாப்பிடக் கூடாது’ என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.

என்ன செய்யலாம்?

பெரிய கம்ப்யூட்டர், மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு மார்க்கர் பேனா, கொஞ்சம் வெள்ளைத் தாள், அகலமான செல்லோடேப் போதும்.

* லேபிளை மூடியில் ஒட்டாதீர்கள், டப்பாவின் உடம்பில் ஒட்டுங்கள். கழுவிக் காயவைக்கும்போது மூடி மாறிவிடும்.

* லேபிளில் பொருளின் பெயர், வந்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும். காலாவதி முந்துகிற சரக்கு முன்னால், பிந்துகிறது பின்னால். கையை நீட்டினால் முதலில் தீர வேண்டியதுதான் கையில் வர வேண்டும்.

* வீட்டில் மசாலாப் பொடி, ஊறுகாய், அப்பளம் செய்து விற்கும் பெண்கள், அரைத்த தேதியை ஒவ்வொரு டப்பாவிலும் எழுதுங்கள். ஒரு பொடியில் பூஞ்சை பிடித்தால், அன்றைக்கு அரைத்தது இன்னும் எந்தெந்த டப்பாவில் இருக்கிறது என்று உடனே கண்டுபிடிக்கலாம்.

* விஷப் பொருளை அது வந்த டப்பாவிலேயே வையுங்கள். வேறு பாட்டிலுக்கு மாற்றவே மாற்றாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவில் சாய்சதுரமாக ஒரு அடையாளம் இருக்கும். அதில் சிவப்பு இருந்தால் மிகக் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். பச்சை என்றாலும் அது பூச்சிமருந்துதான், மறந்துவிடாதீர்கள்.

* காலியான விஷ டப்பாவில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்காதீர்கள். 2013 ஜூலையில் பீகாரின் சாரன் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. பூச்சிமருந்து டப்பாவில் எண்ணெய் வைக்கப்பட்டிருக்கலாம் என்றே அப்போது அதிகாரிகள் சந்தேகித்தார்கள்.

* எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு லேபிள் காவல் ஆகாது. விஷப் பொருளுக்கு லேபிளும் வேண்டும், பூட்டும் வேண்டும்.

ஆபத்து நேரத்தில்

அப்படியும் யாராவது தவறிக் குடித்துவிட்டால், மண்ணெண்ணெயோ ஆசிட்டோ எதுவானாலும், நீங்களாக உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து. நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஓடும்போது அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். கிராமத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, “என்ன குடிச்சாங்க?” என்பதுதான். லேபிள் இருந்தால் பதில் கையில் இருக்கும், மாற்று மருந்தை உடனே தீர்மானிக்கலாம். பெயரில்லாத பாட்டிலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

வாங்குகிற நமக்கும் பங்கு உண்டு

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. “எதுக்கு அண்ணே தனி டப்பா, இந்தத் தண்ணி பாட்டில்லயே ஊத்திக் குடுங்க” என்று ஃபினாயிலுக்கு பாட்டில் நீட்டுவது நாம்தான். இரண்டு மாத்திரை வாங்கும்போது, பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டுக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கி வருவதும் நாம்தான். “தேதி இருக்கிற பக்கத்தை விட்டுட்டு வெட்டுங்க” என்று கேட்டுப் பாருங்கள். இதைக் கேட்க வெட்கம் எதற்கு?

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சரக்கு அறைக்கோ, சமையலறைப் பரணுக்கோ, வீட்டுக்கு வந்திருக்கும் தங்கை பையனை அனுப்பி, “அந்தச் சோடா உப்பை எடுத்துட்டு வாப்பா” என்று சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள், சொல்லிக் கொடுக்காதீர்கள். அவன் சரியான டப்பாவை யாரையும் கேட்காமல் எடுத்து வந்தால் உங்கள் வீடு பத்திரம். “எது பெரியம்மா அது?” என்று கேட்டால், அன்றைக்கே உட்கார்ந்து லேபிள் எழுதிவிடுங்கள்.